டிராக்டர் டிரெய்லரின் பின்விளக்குகளை இணைத்துச் சோதிக்கும் முறை

டிரெய்லரில் விளக்கு எரியவில்லை என்றதும் பலர் முதலில் பல்பைத்தான் மாற்றுகிறார்கள். ஆனால் டிரெய்லரைக் கோப்பதற்கு முன்பே, டிராக்டரின் பின்புறமுள்ள ஏழு முனை சாக்கெட்டை 12 வோல்ட் டெஸ்ட் லேம்பால் சோதித்துவிட்டால், கோளாறு டிராக்டரிலா டிரெய்லரிலா என்பது உடனே தெரிந்துவிடும்.

பரவலாக உள்ள முறைப்படி சாக்கெட்டின் முனை எண்கள்: 1 இடது இன்டிகேட்டர், 4 வலது இன்டிகேட்டர், 5 வலப்பக்கப் பின்விளக்கு, 7 இடப்பக்கப் பின்விளக்கு, 6 பிரேக் விளக்கு, 3 எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிச் செல்லும் வழி). எர்த்துக்கு வெள்ளை, பிரேக்குக்குச் சிவப்பு என ஒயர்களுக்கு நிறங்களும் உண்டு. எனினும் பழுது பார்க்கும்போது கைக்குக் கிடைத்த ஒயரை ஒட்டுப்போடுவது வழக்கம் என்பதால், நிறத்தை நம்பாமல் முனையின் எண்ணைப் பார்த்தே இணைக்க வேண்டும்.

கோளாறுகளில் பெரும்பகுதி எர்த்தில்தான் இருக்கும். இடது இன்டிகேட்டரைப் போட்டதும் பின்விளக்கும் சேர்ந்து மங்கலாக மினுக்கினால், திரும்பிச் செல்ல வழியில்லாத மின்சாரம் மற்றொரு பல்பின் இழை வழியாகப் பாய்கிறது என்று பொருள். டிரெய்லரின் சட்டத்தையும் பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் தனி ஒயரால் தற்காலிகமாக இணைத்துப் பாருங்கள். விளக்குகள் சரியானால் சந்தேகமே இல்லை. எர்த் ஒயர் சேருமிடத்தில் பெயின்டையும் துருவையும் இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டி, போல்ட்டை இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கொக்கியின் வழியாகவே எர்த் கிடைத்துவிடும் என்று விட்டுவிடுவது சரியல்ல. அங்குள்ள கிரீஸும் துருவும் வளைவுகளில் தொடர்பைத் துண்டித்துவிடும்.

பிரேக்குக்கும் பின்விளக்குக்கும் பொதுவான 21/5 வாட் பல்பின் பக்கவாட்டுக் குமிழ்கள் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. அதை வலிந்து தலைமாற்றித் திருகினால் பிரேக் விளக்கு மங்கலாகவும் பின்விளக்கு பிரகாசமாகவும் எரியும்.

இணைத்தபின் ஒருவர் இருக்கையிலும் ஒருவர் பின்னாலும் நின்று, பின்விளக்கு, பிரேக், இடது, வலது என ஒவ்வொன்றாகவும், பிறகு பிரேக்கையும் இன்டிகேட்டரையும் ஒன்றாகவும் இயக்கிப் பார்க்க வேண்டும். தனித்தனியே சரியாக எரியும் விளக்குகள் சேர்ந்து எரியும்போதுதான் எர்த்தின் பலவீனம் வெளிப்படும். ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதும் ஒடித்து ஓட்டி, கேபிள் இழுபடாமலும் தரையில் உரசாமலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கரும்பு ஏற்றியபின் மறுபடியும் பின்னால் சென்று பார்ப்பது அவசியம், ஏனெனில் தொங்கும் சோகை சிவப்பு விளக்கையும் ரிஃப்ளெக்டரையும் எளிதில் மறைத்துவிடும்.