சென்னை வெயிலுக்கு சத்தம் போடாத டூயல் டவர் கூலர் பாத்து வாங்குறது எப்படி

மொதல்லயே சொல்லிடறேன், வீட்ல "ஏர் கூலர் வாங்கப் போறேன்"னு மட்டும் சொல்லிடாதீங்க. எங்கம்மா ஹால்ல வைக்கிற தண்ணி ஊத்துற கூலர்னு நெனச்சு ரெண்டு நாள் சந்தோஷமா இருந்தாங்க, அப்புறம் பொட்டிலேர்ந்து ஒரு கிலோவுக்கு மேல அலுமினியக் கட்டி ஒண்ணு வெளிய வந்ததும் மூஞ்சே மாறிப்போச்சு. நான் சொல்றது கம்ப்யூட்டர் பிராசஸர் தலைல உக்கார்ற கூலர்: ரெண்டு தகட்டு அடுக்கு, அதுக்குள்ள சூட்ட கடத்தற ஹீட்பைப் குழாய், நடுவுல ஒரு ஃபேன், முன்னாடி ஒரு ஃபேன்.

இவ்ளோ பெருசு எதுக்குன்னா, தகடு ஜாஸ்தியா இருந்தா ஃபேன் மெதுவா சுத்தினாலே போதும். அதே ஃபேன் பாதி வேகத்துல சுத்தினா சத்தம் சுமார் 15 டெசிபல் கொறையும், அது காதுக்கு நல்லாவே தெரியும். அதனால அட்டைப்பொட்டில 24, 25 டெசிபல்னு போட்டிருக்கறத வச்சு ஒரு கம்பெனியையும் இன்னொண்ணையும் ஒப்பிடாதீங்க, ஆளாளுக்கு ஒரு மாதிரி அளக்கறாங்க. உங்க சிப்போட சூட்டுக்கு அந்த ஃபேன் எவ்ளோ மெதுவா சுத்தினா சமாளிக்கும்னு பாருங்க.

இங்கதான் நம்ம ஊர் வெயில் குறுக்க வருது. ஏர் கூலர் எதுவா இருந்தாலும் ரூம் சூட்டுக்குக் கீழ கொண்டுபோக முடியாது, அதுக்கு மேல எத்தனை டிகிரில நிறுத்துதுங்கறதுதான் கணக்கு. மார்கழில ரூம் 26 இருக்கறப்ப பிராசஸர் 66 காட்டுதுன்னா, அதே வேலைக்கு கத்திரி வெயில்ல ஏசி இல்லாத 36 டிகிரி ரூம்ல 76 காட்டும், உடனே ஃபேனும் கத்த ஆரம்பிக்கும். வெளிநாட்டு ரிவ்யூ பெரும்பாலும் இருபது இருபத்தஞ்சு டிகிரி ரூம்ல எடுத்தது, அத அப்படியே நம்பி வாங்கினா மே மாசம் தெரிஞ்சுரும்.

ரிச்சி ஸ்ட்ரீட் கெளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு அளவு எழுதி வச்சுக்கோங்க. ஒண்ணு, கேஸ்ல, அதாவது கம்ப்யூட்டர் பொட்டில, கூலர் எவ்ளோ ஒசரம் வரைக்கும் நுழையும்ங்கறது. நான் இதப் பாக்காம 160 மிமீ கேஸுக்கு 165 மிமீ கூலர வாங்கிட்டு வந்துட்டேன், அஞ்சே மிமீதான், ஆனா சைடு பேனல் மூடல, நாலு மாசம் தொறந்தே ஓடிச்சு, ஒரு நாள் காலைல கிராஃபிக்ஸ் கார்டு மேல பல்லி படுத்துக்கெடக்கு. ரெண்டாவது, ரேம், அதாவது பிராசஸர் பக்கத்துல நிக்கற மெமரி குச்சியோட ஒசரம். நாக்டுவா கம்பெனியோட என்ஹெச்-டி15 கூலர்ல ரெண்டு ஃபேனும் போட்டா ரேமுக்கு 32 மிமீதான் எடம், ஆர்ஜிபி கலர் லைட் வச்ச ரேம் அதவிட ஒசரமா இருந்தா முன் ஃபேன தூக்கி மாட்டணும், தூக்கினா மொத்த ஒசரமும் கூடும், திரும்பவும் சைடு பேனல் பஞ்சாயத்துதான்.

எத வாங்கலாம்னு கேட்டா, பட்ஜெட்டுக்கு தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ. ஆறு ஹீட்பைப், 155 மிமீ, பெரும்பாலான கேஸ்ல நுழைஞ்சுரும். 2014ல வந்த டி15 இன்னைக்கும் அருமையா ஓடுது, ஆனா விலை நெஞ்ச அடைக்கும், எனக்கு அவ்ளோ வித்தியாசம் காதுல விழல. ரைசன் 7800எக்ஸ்3டி மாதிரி சிப்புக்கு பீர்லெஸே தாராளம். இன்டெல் 14900கே மாதிரி 253 வாட் இழுக்கற சிப்ப இதுல ஃபுல் லோடுல சத்தமில்லாம ஓட்டணும்னா பயாஸ்ல (கம்ப்யூட்டர ஆன் பண்றப்ப உள்ள போற செட்டிங்ஸ்) பவர் லிமிட்ட கொறைங்க, வேற வழியில்ல.

மாட்டறப்ப அடிப்பக்கம் ஒட்டியிருக்கற பிளாஸ்டிக்க உரிச்சிருங்க, நிறைய பேர் மறந்துடறாங்க. ஸ்க்ரூவ ஒரே பக்கமா இறுக்காம மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க. ரெண்டு ஃபேனும் கேஸோட பின்பக்கம் பாத்து ஊதணும்.

இனிமேதான் சத்தத்துக்கே வர்றோம். மாட்டினபடியே விட்டா பிரவுசர் தொறந்தாகூட சூடு ஒரு நொடி எகிறும், ஃபேன் வூஊன்னு ஏறி எறங்கும். ஒரே சீரா ஓடற சத்தத்த மனசு மறந்துரும், ஏறி எறங்கறதுதான் எரிச்சல். பயாஸ்ல ஃபேன் கர்வ்ல, அதாவது எந்த சூட்டுக்கு எவ்ளோ வேகம்னு சொல்ற கோட்டுல, 65 டிகிரி வரைக்கும் 600, 700 ஆர்பிஎம்ல நேர்கோடா வச்சுட்டு, அதுக்கப்புறம் மெதுவா ஏத்தி, 85க்கு மேல மட்டும் ஃபுல்லா விடுங்க. ஃபேன் வேகம் மாற நாலஞ்சு செகண்ட் டிலேவும் குடுங்க. இத ராத்திரி சீலிங் ஃபேன நிறுத்திட்டு டெஸ்ட் பண்ணுங்க, அது ஓடிட்டிருந்தா எந்த கூலரும் சைலண்டாத்தான் தெரியும்.

அப்புறம் தூசி. மூணு மாசத்துக்கு ஒரு தடவ புளோயர் அடிங்க, அடிக்கறப்ப இறக்கைய வெரலால பிடிச்சுக்கோங்க, காத்துல அது பறந்து சுத்தினா பேரிங் கெட்டுப்போகும். முன் ஃபேன கழட்டிப் பாத்தா தகட்டு முகத்துல கம்பளி மாதிரி ஒரு படலம் ஒட்டியிருக்கும், அத பழைய டூத் பிரஷ்ஷால மேலேர்ந்து கீழ இழுத்தா அப்படியே சுருண்டு வந்துரும்.