புது கார் கொட்டேஷனில் எதை நீக்கச் சொல்லலாம்?

ஷோரூமில் "ஆன்ரோடு இவ்வளவு சார், ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான்" என்று வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்வார்கள். அதை வைத்துப் பேரம் பேசாதீர்கள். ஒவ்வொன்றையும் பிரித்து எழுத்தில் கேளுங்கள்.

சாலை வரி, பதிவுக் கட்டணம் அரசுக்குப் போவது, விடுங்கள். கார் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள். வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம்.

உண்மையான பேரம் இன்சூரன்ஸில்தான். டீலரிடமே எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் புது காருக்கு 3 ஆண்டுகளுக்குக் கட்டாயம். அதே ஐடிவி (காருக்குக் காப்பீட்டில் வைக்கும் மதிப்பு), அதே ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கிளெய்ம் தரும் கூடுதல் வசதி) வைத்து வெளியில் விலை கேட்டு, அந்தத் தாளைக் காட்டுங்கள். பல சமயம் அப்போதே டீலரின் விலையும் இறங்கும். "வெளியில எடுத்தா கேஷ்லெஸ் கிடையாது" என்றால் பயப்பட வேண்டாம். கேஷ்லெஸ் என்பது பழுதுச் செலவை இன்சூரன்ஸ் நிறுவனமே நேராக சர்வீஸ் சென்டருக்குக் கட்டுவது. நீங்கள் எடுக்கும் நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில் உங்கள் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அப்புறம், பழைய காரை விற்றிருந்தால் அதன் நோ கிளெய்ம் போனஸை (கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி) புது காருக்கு மாற்றலாம். சொந்த சேதப் பிரீமியத்தில் (உங்கள் காரின் சேதத்துக்காகக் கட்டும் பகுதி) 50 சதவீதம் வரை குறையும். இதை யாரும் தானாக ஞாபகப்படுத்த மாட்டார்கள்!

ஹேண்ட்லிங் சார்ஜ் (வண்டியைக் கையாள டீலர் போடும் கட்டணம்), 'பேசிக் கிட்' (மேட், மட்ஃபிளாப் போன்றவை) இரண்டையும் நீக்கச் சொல்லுங்கள். மேட்டும் மட்ஃபிளாப்பும் வெளியில் மலிவு.

முழுப்பணம் கட்டும் முன், பதிவுக்கு அனுப்பும் முன், சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் வாங்கிக்கொண்டு வண்டியை நேரில் பாருங்கள். ஜனவரியில் வாங்குபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். போன வருட ஸ்டாக் என்றால் கூடுதல் தள்ளுபடி கேட்கலாம்.