14ஆம் பல் எது? நான்கு நாள் தின்ற குழப்பம்

மூன்று நாட்டுப் பல் மருத்துவ மாணவர்கள் சேர்ந்து ஒரே ஷீட்டில் கேஸ்களைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். 14இல் சொத்தை என்று இருக்கும். எங்கள் எஃப்டிஐ முறையில் (முதல் இலக்கம் வாயின் கால்பகுதி, இரண்டாவது அதில் 1 முதல் 8 வரை பல்லின் இடம்) 14 என்றால் மேல் வலது முதல் முன்கடைவாய்ப்பல், போட்டோவிலோ அது பளிச்சென்று இருக்கும்.

கண்ணாடி வைத்து எடுத்த போட்டோ இடவலம் மாறி வந்திருக்கும் என்று நினைத்து எல்லாவற்றையும் திருப்பிப் போட்டதில் இரண்டு நாள் போனது. பக்கம் பொருந்தியது, பல் பொருந்தவில்லை. அப்புறம் ஃபைல் பெயர்கள் கலந்துவிட்டனவோ என்று சரிபார்த்தோம், அதுவும் வீண்.

கடைசியில் ஷீட்டின் பழைய பதிப்பில் 30 என்று ஒரு எண் கண்ணில் பட்டது. எஃப்டிஐ முறையில் 30 என்ற பல்லே கிடையாது. எங்களில் யாரோ தட்டச்சுப் பிழை என்று நினைத்து அதை 36 ஆக்கியிருக்கிறார் (நல்லெண்ணம்தான்!). அமெரிக்க மாணவர்கள் 1 முதல் 32 வரை எண்ணும் யுனிவர்சல் முறையில் எழுதியிருந்தார்கள். அதில் 30 என்பது கீழ் வலது முதல் கடைவாய்ப்பல், எங்களுக்கு 46. அவர்களுடைய 14 மேல் இடது முதல் கடைவாய்ப்பல், அதாவது 26. 11 முதல் 18 வரையுள்ள எண்கள் இரண்டு முறையிலும் செல்லும், ஆனால் வேறு வேறு பற்கள், அதனால்தான் எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை.

பழைய பதிப்பை மீட்டு, எந்த எண்முறை என்று குறிக்க ஒரு நெடுவரிசை சேர்த்து, யுனிவர்சல் வரிசைகளை மட்டும் எஃப்டிஐக்கு மாற்றினோம். பல்லின் பெயரையும் இப்போது எழுத்தில் கேட்கிறோம். திருப்பிய போட்டோக்களைத் திரும்பத் திருப்பியதுதான் பெரிய வேலை.