இன்வெர்ட்டருக்கு லித்தியம் பேட்டரி போடுகிறீர்களா? முதலில் இதைப் பாருங்கள்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது கடலூரில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த அளவுக்கு எந்த பேட்டரியும் தாங்காது, ஒரு ராத்திரியை ஓட்டத்தான் இது.

பேட்டரி விலையை விசாரிப்பதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் இன்வெர்ட்டரைப் பாருங்கள். வீடுகளுக்குப் பெரும்பாலும் வருவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 3.2 வோல்ட் செல் நான்கு சேர்ந்து 12.8 வோல்ட், முழு சார்ஜிலும் 14.6-ஐத் தாண்டக் கூடாது. ஆசிட் பேட்டரிக்கென்றே செய்த சில இன்வெர்ட்டர்கள் அவ்வப்போது 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும், உடனே பேட்டரிக்குள் அதைக் காக்க இருக்கும் பி.எம்.எஸ். போர்டு இணைப்பைத் துண்டித்துவிடும், நீங்கள் பேட்டரி மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள். லித்தியம் செட்டிங் இல்லையென்றால் இன்வெர்ட்டரையும் சேர்த்தே மாற்றுங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அப்புறம் சைஸ். கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, 9 வாட் எல்.இ.டி. நான்கு, வைஃபை மோடத்துக்கு 10 என்று வைத்தால் 106 வாட். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 125. 100 ஏ.எச். (ஆம்பியர் அவர்) லித்தியத்தில் 1280 வாட் அவர் இருக்கும், அதில் 80 சதவீதம் எடுத்தால் எட்டு மணி நேரம் வரும். அதே வீட்டில் பழைய 75 வாட் ஃபேன் இரண்டு ஓடினால் நாலரை மணி நேரத்திலேயே முடிந்துவிடும். ஆகவே கையில் காசு குறைவாக இருந்தால் முதலில் ஃபேனை மாற்றுங்கள்!

2024 டிசம்பரில் தென்பெண்ணை ஆற்று வெள்ளம் வீடுகளுக்குள் வந்ததைப் பார்த்த பிறகும் பேட்டரியைத் தரையில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். லித்தியம் கனம் குறைவு, இடுப்புக்கு மேலே இரும்பு ஷெல்ஃப் அடித்து, வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். பிளஸ் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே டி.சி. ஃபியூஸ் ஒன்று. கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும், வயர் முனையில் இருக்கும் லக்கை நன்றாக முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். பழைய ஆசிட் பேட்டரியோடு பேரலலாக மட்டும் மாட்டவே கூடாது.

புதிதாக சோடியம் அயான் பேட்டரி வருகிறதே, காத்திருக்கலாமா? வேண்டாம். சார்ஜ் இறங்க இறங்க அதில் வோல்ட்டேஜ் ரொம்பவே சரியும், இப்போதுள்ள இன்வெர்ட்டர் பாதியிலேயே கட் ஆகிவிடும்.

பழைய பேட்டரியில் ஈயமும் ஆசிடும் இருக்கிறது, உடைத்துப் பார்க்காமல் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள், விலையிலும் கொஞ்சம் குறைப்பார்கள்.