வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றுகிறீர்களா? மாறும் வட்டியில் எதைப் பார்ப்பது

கடலூர் செம்மண்டலத்தில் நாங்கள் வீடு கட்டியது ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தின் கடனில். வட்டி ஏறிய காலத்தில் கடிதம் தவறாமல் வந்தது. 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போவை (வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டியை) 6.50-லிருந்து 5.50 சதவீதத்துக்கு இறக்கியது. அப்போது ஒரு கடிதமும் இல்லை. புதிதாகக் கடன் கேட்டுப் போனவர்களுக்கோ அதே நிறுவனம் என்னைவிட ஒரு சதவீதம் குறைவாகக் கொடுத்தது. அப்புறம்தான் நான் கடன் பத்திரத்தையே ஒழுங்காகப் படித்தேன். முதல் தடவை மாற்றப் போகிறவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: உங்கள் வட்டி எதைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குகிறது?

சாங்ஷன் கடிதத்தை, அதாவது கடன் அனுமதிக் கடிதத்தை எடுங்கள். 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன் என்றால், அது வெளி அளவுகோல் ஒன்றோடு இணைந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது ரெப்போ. அதற்கு முந்தைய கடன், வங்கியே கணக்கிடும் அடிப்படை வட்டியான எம்சிஎல்ஆரிலோ இன்னும் பழைய பேஸ் ரேட்டிலோ கிடக்கலாம். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு இந்த விதி கிடையாது. அவர்களே வைத்திருக்கும் பிஎல்ஆர் என்ற சொந்த வட்டி விகிதம்தான் கணக்கு, அதை எப்போது இறக்குவது என்பதும் அவர்கள் கையில்.

படி 2: இன்றைய வட்டியை விட்டுவிட்டு ஸ்ப்ரெட்டைக் கேளுங்கள்

ஒரு வங்கி 8.25 என்கிறது என்று வையுங்கள்: ரெப்போ 5.50 (2025 ஜூன் கணக்கு), அதன்மேல் வங்கி கூட்டிக்கொள்ளும் ஸ்ப்ரெட் 2.75. ஒரு நிறுவனம் தன் சொந்த விகிதத்தில் 8.10 என்கிறது. நான் 8.25-ஐத்தான் எடுப்பேன். ரெப்போ மாறினால் மூன்று மாதத்துக்குள் என் வட்டியும் மாறியாக வேண்டும். நான் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. ஸ்ப்ரெட்டையும் வங்கி நினைத்தபோது ஏற்ற முடியாது. அதனால் பேரம் பேச வேண்டிய எண் அதுதான், சிபில் மதிப்பெண் நன்றாக இருந்தால் துணிந்து பேசலாம்.

ஏறும்போதும் இதே வேகம்தான் என்பதை மறக்க வேண்டாம். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-லிருந்து 6.50-க்குப் போனது. இரண்டரை சதவீதம் கூடினால் தாங்குமா என்று வீட்டுச் செலவைப் போட்டுப் பாருங்கள்.

"முதல் இரண்டு வருடம் நிலையான குறைந்த வட்டி" என்று யாராவது சொன்னால், மூன்றாம் வருடம் எதோடு இணையும், ஸ்ப்ரெட் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

படி 3: இருக்கும் இடத்திலேயே ஒருமுறை கேளுங்கள்

ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு வட்டியைக் குறைத்துக் கொடுப்பார்கள். வேறு வங்கியின் அனுமதிக் கடிதத்தைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

படி 4: வருடங்களை நீட்டாதீர்கள்

நிறையப் பேர் விழுவது இங்கேதான். பாக்கி 25 லட்சம், இன்னும் 15 வருடம், வட்டி 9.25 என்றால் இஎம்ஐ சுமார் 25,730 ரூபாய். 8.25-க்கு மாறினால் 24,254. மாதம் 1,476 மிச்சம், 15 வருடத்தில் ஏறக்குறைய 2.65 லட்சம்.

ஆனால் புதிய வங்கி "20 வருடமாகப் போட்டுக்கொள்ளுங்களேன், 21,302 கட்டினால் போதும்" என்று இனிக்க இனிக்கச் சொல்லும். அதை 240 மாதம் கட்டினால் மொத்தம் 51 லட்சத்துக்கு மேல். பழைய கடனையே அசையாமல் கட்டியிருந்தால் 46.3 லட்சம்! வட்டியைக் குறைத்து 4.8 லட்சம் கூடுதலாகக் கட்டுவதற்கா இவ்வளவு அலைச்சல்? என்னைக் கேட்டால், பழைய இஎம்ஐ தொகையையே தொடர்ந்து கட்டுங்கள். கடன் சீக்கிரம் தீரும்.

படி 5: மாற்றும் செலவு

தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. யாராவது கேட்டால் எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மற்றவை உண்டு: பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர், எம்ஓடி (வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைக்கும் ஆவணம்) பதிவு. தமிழ்நாட்டில் எம்ஓடிக்கு முத்திரைத் தீர்வை கடன் தொகையில் அரை சதவீதம். 25 லட்சத்துக்கு 12,500. பதிவுக் கட்டணம் தனி. வீடு லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ என்றால் புதுச்சேரிக் கணக்கு வேறு, அங்குள்ள சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். மூலப்பத்திரம் பிரெஞ்சுக் காலத்தது என்றால் வழக்கறிஞரிடம் முதலிலேயே காட்டிவிடுவது நல்லது.

எல்லாம் சேர்ந்து 30,000 ஆனால், மாதம் 1,476 மிச்சத்தில் அதை எடுக்க 20 மாதம் சொச்சம். மூன்று நான்கு வருடத்தில் கடனையே முடிக்கப் போகிறவர் பேசாமல் இருக்கலாம். கடனோடு சேர்த்துக் காப்பீடு ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வேண்டுமானால் மட்டும் எடுங்கள்.

படி 6: பத்திரம்

பழைய இடத்தில் கடன் அடைப்புக் கணக்கும், அவர்களிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலும் எழுதிக் கேளுங்கள். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்ப வேண்டும். அவர்கள் பக்கம் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி. நான் இதைச் சொன்ன பிறகுதான் "தேடிக்கொண்டிருந்த" மூலப்பத்திரம் கிடைத்தது.

கடைசியாக, இரண்டு மாதம் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பழைய எம்ஓடிக்கு, கடன் தீர்ந்தது என்ற ரசீது பதிவாகியிருக்க வேண்டும். எனக்கு அது விட்டுப்போயிருந்தது. சரிசெய்ய மஞ்சக்குப்பம் பதிவு அலுவலகத்துக்கு மூன்று நடை நடந்தேன்.