சட்டமில்லாத முதுகுப்பைக்குக் காற்று மெத்தையைச் சட்டமாக்கும் முறை

அமெரிக்காவில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை சுமார் 4,265 கிலோமீட்டர் நீளும் பசிபிக் கிரெஸ்ட் ட்ரெயில் என்ற நடைபாதையில், ரே ஜார்டைன் 1990களில் தாமே தைத்த இலேசான பையைச் சுமந்து நடந்து காட்டிய பிறகு, சட்டம் (பையை விறைப்பாக நிறுத்தும் கம்பிக்கூடு) இல்லாத முதுகுப்பைகள் நெடுந்தூர நடையாளர்களிடையே பரவலாயின. அலுமினியக் கம்பிகளை நீக்கினால் பையின் எடையை அரை கிலோவுக்குள் அடக்கிவிடலாம். ஆனால் சுமையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கும் வேலையை அந்தக் கம்பிகளே செய்துவந்தன; அவை இல்லாதபோது வேறொன்று அதைச் செய்தாக வேண்டும். மடித்து வைத்த ஃபோம் விரிப்பு இதை எளிதாகச் செய்துவிடும். இரவில் ஊதிப் படுக்கும் காற்று மெத்தை வைத்திருப்பவர்களோ பெரும்பாலும் அதைச் சுருட்டி உறையிலிட்டுப் பையின் அடியில் திணித்துவிடுகிறார்கள். பை துவண்டு, முழு எடையும் தோளில் ஏறிவிடுகிறது. மெத்தையைத் தட்டையாக மடித்து முதுகுப்பக்கம் நிறுத்தி, அளவோடு காற்றை ஊதினால் அதுவே நல்ல சட்டமாகும்.

முதலில் உங்கள் முதுகின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். தலையைக் குனியும்போது கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேரான மட்டம் வரை உள்ள நீளமே கணக்கு. பரவலாகக் கிடைக்கும் மெத்தை 51 செ.மீ. அகலமும் 183 செ.மீ. நீளமும் கொண்டது. அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து, பிறகு குறுக்கே நான்காக மடித்தால், ஏறத்தாழ 25 செ.மீ. அகலமும் 46 செ.மீ. உயரமும் உள்ள பலகை கிடைக்கும். நடுத்தர உயரமுள்ளவரின் முதுகுக்கு அது பொருந்தும். குறுக்கே மூன்றாக மடித்தால் உயரம் 61 செ.மீ. ஆகிப் பலருக்குத் தலையில் இடிக்கும். வால்வு இல்லாத முனையிலிருந்து மடித்துக்கொண்டு வந்தால்தான் உள்ளிருக்கும் காற்று முழுவதும் வெளியேறும், வால்வும் கடைசி மடிப்பில் கைக்கெட்டும் இடத்தில் நிற்கும். மடிப்புகளை நகத்தால் நீவிக் கூராக்கக் கூடாது. கூரான மடிப்பைத் தாண்டிக் காற்று போகாது, தினமும் அதே கோட்டில் மடித்தால் துணியும் அங்கே நைந்துபோகும்.

இனி அடுக்கும் வரிசை. காலியான பைக்குள் இந்தப் பலகையை முதுகுப்பக்கம் நிற்கவைத்து, வால்வு மேலே வருமாறு பாருங்கள். மழைக்காப்புப் பிளாஸ்டிக் உறைக்கு வெளியே மெத்தை இருப்பது நல்லது. இரவில் டென்ட்டுக்குள் படிந்த ஈரம் அதில் ஒட்டியிருந்தாலும் உறைக்குள் இருக்கும் ஸ்லீப்பிங் பேக் நனையாது. அடியில் ஸ்லீப்பிங் பேக்கைச் சுருட்டாமல் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும்படி திணித்து, அதன்மேல் உணவை முதுகை ஒட்டியும், இலேசான துணிகளை வெளிப்பக்கமும் வையுங்கள். எல்லாம் ஏறிய பிறகே காற்று: இரண்டு மூன்று மூச்சு ஊதி, வால்வை மூடி, பக்கவாட்டு வார்களை இழுத்துக் கட்டுங்கள். பொருள்களுக்கும் பைத்துணிக்கும் இடையில் மெத்தை விரிந்து இறுகும் அந்த விறைப்புதான் சட்டத்தின் வேலையைச் செய்கிறது; அதனால்தான் பாதி காலியான பையில் இம்முறை பலிப்பதில்லை. உணவு குறைந்து பை தளரும் நாள்களில் ஸ்லீப்பிங் பேக்கை இன்னும் தளர்வாக விட்டு இடத்தை நிரப்பலாம்.

அதிகம் ஊதிவிட்டால் பலகை பீப்பாயாக உருண்டு, பை முதுகின் நடுவில் மட்டும் முட்டிச் சுமையைப் பின்னால் தள்ளும். கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே உள்வாங்கி மீள வேண்டும். அந்த அளவு போதும். சரிபார்க்க ஒரு வழி உண்டு: தோள்வார் தைத்த இடத்துக்கும் இடுப்புப் பட்டைக்கும் உள்ள தூரத்தைச் சுமையேற்றும் முன்பும், பையை மாட்டி நின்ற பிறகும் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். கணிசமாகக் குறைந்திருந்தால் பை மடங்குகிறது என்று பொருள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி அடுக்குவதே சரி, மேலும் ஊதுவது தீர்வல்ல.

உயரம் மாறும்போது கவனம் தேவை. தெற்குக் கலிபோர்னியாவில் சான் கோர்கோனியோ கணவாயின் சுமார் 400 மீட்டரிலிருந்து பிக் பேர் ஊர்ப்பக்கம் 2,600 மீட்டருக்கு மேல் ஏறும்போது, மூடிய மெத்தைக்குள் உள்ள காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரிய முயலும். வெயில் அதை இன்னும் கூட்டும். ஏறும் வழியில் ஓரிரு முறை வால்வைத் திறந்து சிறிது விடுவதும், இறங்கிய பின் ஒரு மூச்சு சேர்ப்பதும் மெத்தையின் உட்தடுப்புகளைக் காக்கும்.

இரவில் உங்களைக் குளிரிலிருந்து காப்பதே மெத்தையின் முதல் வேலை என்பதால், அது ஓட்டையாகாமல் பார்ப்பது எல்லாவற்றிலும் முக்கியம். டென்ட் முளைகள், அடுப்பு, கத்தி ஆகியவை வெளிப்பைக்குள் போகட்டும். முதுகுத்துணிக்கும் மெத்தைக்கும் நடுவே 3 மி.மீ. ஃபோம் தாள் ஒன்றைச் செருகினால் பாலைநிலக் கள்ளிமுள் எளிதில் தைக்காது. இரவில் அதையே மெத்தைக்கு அடியில் விரிக்கலாம். இந்தத் தாளை எடை பார்த்து ஒதுக்க வேண்டாம் என்றே சொல்வேன். பையை முள்தரையில் முதுகுப்பக்கம் படும்படி போடுவதையும் தவிர்க்க வேண்டும்.

கரடிகளிடமிருந்து உணவைக் காக்கும் கெட்டியான டப்பா யோசெமிட்டி தேசியப் பூங்கா போன்ற கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைப்பகுதிகளில் கட்டாயம். வெறுமையாகவே ஏறத்தாழ ஒரு கிலோ கனக்கும் அந்த உருளையை நெட்டுக்குத்தாக நிறுத்தி, இருபுறமும் துணிகளை அடைத்தால், மெத்தைப் பலகை அதன் வளைவை முதுகில் உறுத்தாமல் தாங்கும். ஆனால் டப்பா நிறைய உணவும் நான்கைந்து லிட்டர் தண்ணீருமாகச் சுமை 11 கிலோவைத் தாண்டும் கட்டங்களில், எவ்வளவு நேர்த்தியாக மடித்தாலும் காற்று மெத்தை ஈடுகொடுக்காது. அந்தப் பகுதிக்கு மட்டும் சட்டமுள்ள பையை மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.