வினாத்தாளைத் திருத்தும்போது விடும் பிழைகள்

உயர்தரப் பரீட்சை நெருங்கினால் கிளிநொச்சியில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரே பேச்சுத்தான்: எத்தனை தாள் செய்து முடித்தாய்? கடந்தகால வினாத்தாள்கள், தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தாள்கள் என்று கட்டுக்கட்டாகச் செய்து தள்ளுகிறார்கள். திருத்திய விதத்தை யாரும் விசாரிப்பதில்லை. மருத்துவபீடம் என்று ஓடிய காலத்தில் எங்கள் வகுப்பும் அப்படித்தான் இருந்தது. நேரம் வைத்துச் செய்யுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்பதையெல்லாம் அம்மாவே சொல்லியிருப்பார், அவற்றை விடுவோம்.

தனக்குத் தானே புள்ளியை அள்ளிப் போடுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான். புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருவர், சிறு சிறு பகுதிகளாக விடை எழுதும் அமைப்புக் கட்டுரைக்குத் தானே புள்ளியிட்டு மகிழ்ச்சியோடு வந்தார். இலைவாய் (இரண்டு காவற்கலங்களுக்கு நடுவே இலையிலுள்ள நுண்துளை) திறக்கும் பொறிமுறைக்கு, ‘காவற்கலங்களுக்குள் நீர் சென்று வீங்குவதால் திறக்கிறது’ என்று ஒரு வரி. பக்கத்தில் முழுப் புள்ளி.

“பொற்றாசியம் எங்கே பிள்ளை?”

“அது தெரியும் சேர், எழுதத்தான் இல்லை.”

பொற்றாசியம் அயன்கள் உள்ளே செல்ல வேண்டும். அதனால் கலத்தின் நீரழுத்தம், அதாவது நீர் வெளியேறும் நாட்டம், குறைய வேண்டும். பிரசாரணத்தால் (மென்சவ்வினூடாக நீர் நகர்வதால்) நீர் புக வேண்டும். வீக்கம் கூடி, தடித்த உட்சுவர் காரணமாகக் கலங்கள் வளைய வேண்டும். ஒவ்வொரு படிக்கும் புள்ளி இருக்கும்போது, அவர் எழுதியது கடைசிப் பகுதியின் பாதியை மட்டும். புள்ளித் திட்டத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துத் திருத்தினால், கண் அதை வாசிக்கும், மனம் ‘இதைத்தானே நினைத்தேன்’ என்று சரி போடும். பரீட்சகருக்கு உங்கள் மனம் தெரியாது.

ஆகவே தாளை நண்பரிடம் மாற்றிக் கொடுங்கள். கொஞ்சம் பொல்லாத நண்பராக இருந்தால் நல்லது. எழுதப்பட்ட சொல்லுக்கு மட்டும் சரி போடச் சொல்லுங்கள். விடுபட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே தெரியாது, தெரிந்தும் எழுதவில்லை, வினாவைப் பிழையாக வாசித்தேன் என மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். முதலாவதற்குத்தான் புத்தகம் வேண்டும். இரண்டாவதற்கு விடையை மறுபடி எழுதிப் பழகவேண்டும். பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகளில் பரீட்சார்த்திகள் வழமையாக எங்கே சறுக்குகிறார்கள் என்றும் இருக்கும். புள்ளித் திட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள்.

‘இரண்டு புள்ளிதானே’ என்பவர்களுக்கு ஒன்று. மருத்துவபீட அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வன்னி மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் உண்டு என்று ஆறுதல்பட வேண்டாம். அந்த இடத்துக்குப் போட்டியிடுபவர் உங்கள் வாங்கிலேயே இருக்கிறார்.

ஊகித்துச் சரிவந்ததைக் கடந்துபோவது

பல்தேர்வில் 50 வினா, இரண்டு மணித்தியாலம். பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை என்பதால் ஊகிப்பதில் தவறில்லை. ஊகித்த இலக்கத்தில் அப்போதே ஒரு புள்ளடி போடுங்கள். திருத்தும்போது, சரியாக வந்திருந்தாலும், மற்ற நான்கு தெரிவுகளும் ஏன் பிழை என்று சொல்ல முடியாவிட்டால் அது பிழைக் கணக்கில்தான் சேரும்.

பழைய பாடத்திட்டத் தாளுக்காக அழுவது

புதிய பாடத்திட்டத்துக்கு முதற் பரீட்சை 2019இல். அதற்கு முந்திய தாளில் நீக்கப்பட்ட பகுதி வந்தால் கோடு போட்டு விடுங்கள்.

கணிப்பானோடு பௌதிகவியல்

மண்டபத்தில் தரமாட்டார்கள்.

மறுநாளே அதே தாள்

விடை நினைவில் இருக்கும். மூன்று கிழமை கழித்து, குறித்துவைத்த வினாக்களை மட்டும் செய்யுங்கள்.